மொட்டை மாடிக்குப் போட்ட பூட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் வாசகர் பக்கத்தில் ஒருவர், கல்லூரிப் பிள்ளைகள் பெற்றவர்கள் காசை பேக்கரியிலும் சினிமாவிலும் கரைக்கிறார்கள், ராத்திரி பதினொரு மணிக்கும் கடை வாசலில் கும்பலாக நிற்கிறார்கள் என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தார். அவர் பார்த்தது பொய்யில்லை. நானும் பல வருடம் அதையேதான் பேசிக்கொண்டிருந்தேன். ஆனால் அப்படி நிற்பவர்களில் ஐந்து பேர் என் வீட்டு மாடியில் குடியிருக்கும் பையன்கள். அவர்களை அங்கே நிற்கவைத்ததில் எனக்கும் பங்கு இருக்கிறது என்று தெரிந்த பிறகு, அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

நான் கோவை பீளமேட்டில் இருக்கிறேன். முப்பத்தொரு வருடம் மில்லில், ஸ்பின்னிங் பிரிவில் சைடராக, அதாவது நூல் நூற்கும் மெஷினைப் பார்த்துக்கொள்பவனாக, வேலை பார்த்தேன். மில் மூடியபோது கிடைத்த செட்டில்மென்ட் பணத்தில் வீட்டுக்கு மேலே இரண்டு அறையும் ஒரு குளியலறையும் கட்டினோம். சுற்றிலும் கல்லூரிகள், அதனால் ஆள் கிடைப்பது கஷ்டமில்லை. இப்போது இருப்பவர்கள் தேனி, கள்ளக்குறிச்சி, தருமபுரி, ராமநாதபுரம் பக்கத்துப் பையன்கள். வாடகை 10,000. ஆளுக்கு 2,000 போட்டுத் தருகிறார்கள். கரண்ட் பில் தனி. சாப்பாடு பக்கத்துத் தெரு மெஸ்ஸில்.

கீழே நானும் என் மனைவியும், எங்களோடு மகள் வயிற்றுப் பேத்தியும். அவளுக்கும் அந்தப் பையன்கள் வயதுதான். இரண்டாம் வருடம் படிக்கிறாள், டவுன் பஸ்ஸில் போய் வருகிறாள். அப்புறம் என் தங்கையின் பேத்தி ஒருத்தி, இதே ஊரில் ஒரு கல்லூரி விடுதியில் இருக்கிறாள். மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு எட்டிப் பார்ப்பாள். ஆக, வீட்டிலிருந்து போகிற பிள்ளை, விடுதிப் பிள்ளை, ரூம் எடுத்துத் தங்கிய பிள்ளைகள் என மூன்று விதமானவர்களையும் ஒரே கூரையடியில் பார்க்கிறேன். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

முதலில் பூட்டு கதை. 2022ல் மாடியில் வேறு பையன்கள் இருந்தார்கள். ஒரு பிறந்தநாள் ராத்திரி மொட்டை மாடியில் கேக் வெட்டி, க்ரீமை எல்லார் முகத்திலும் பூசி, என் மனைவி காயவைத்திருந்த வடகத் துணி மேலெல்லாம் கொட்டிவிட்டார்கள். டேங்க் குழாயை வேறு திறந்து விட்டுவிட்டார்கள், விடியும்வரை தண்ணீர் போயிருக்கிறது. எதிர் வீட்டுக்காரர் காலையில் வந்து கத்தினார். அன்றைக்கே மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டு போட்டேன். அந்தப் பையன்கள் படிப்பு முடிந்து போய்விட்டார்கள். புதிதாக வந்தவர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை, ஆனால் பூட்டு அப்படியே தொங்கியது. மாடிப்படியில் உட்காரக் கூடாது, வெளியாள் வரக் கூடாது, ஒன்பது மணிக்கு மேல் சத்தம் கூடாது என்று ஒரு தாளில் எழுதி ஒட்டியும் வைத்தேன். எங்கள் தெருவில் ரூம் விடுகிற எல்லார் வீட்டிலும் ஏறக்குறைய இதே தாள்தான் ஒட்டியிருக்கும்.

2024 நவம்பரில் ஒரு ராத்திரி மனைவிக்குக் காய்ச்சல். பிரெட் வாங்க முக்கு பேக்கரிக்குப் போனேன், மணி பத்தரை இருக்கும். மழை தூறிக்கொண்டிருந்தது. ஷட்டர் ஓரமாக என் மாடிப் பையன்கள் ஐந்து பேரும் நின்றார்கள். தருமபுரிப் பையன் யாருடைய ஸ்கூட்டர் சீட்டிலோ லேப்டாப்பை வைத்து ஏதோ அடித்துக்கொண்டிருந்தான். தேனிப் பையன் அதன்மேல் குடை பிடித்திருந்தான். கையில் ஆளுக்கொரு டீ கிளாஸ். எனக்குச் சுருக்கென்றது. "ஏந்தம்பி, ரூம் இருக்கறப்ப இங்க எதுக்கு நின்னுட்டு எழுதறீங்க?" என்று கேட்டேன். "ரூம்ல உக்கார எடம் இல்லைங்கய்யா. படுக்கத்தான் எடம், எழுதணும்னா வெளியதான் வரணும்" என்றான் தருமபுரிப் பையன். குறை சொல்லும் குரலே இல்லை. மழை பெய்கிறது என்பதுபோல் சொன்னான்.

மறுநாள் மேலே போய்ப் பார்த்தேன். பத்துக்குப் பதினொன்று அறை. நான் நின்று அளந்து கட்டிய அறை, ஆனால் ஆள் குடியேறிய பிறகு அதற்குள் நான் கால் வைத்ததே இல்லை. மூன்று மெத்தை விரித்தால் சுவருக்குச் சுவர் சரியாக இருக்கிறது. பெட்டிகள், கயிற்றில் துணிகள், செருப்புகள். நாற்காலி போட இடமில்லை. அவர்கள் அங்கே படுக்கலாம், இல்லையென்றால் வெளியே போகலாம். 2,000 ரூபாய்க்கு நான் விற்றது ராத்திரி ஆறு மணி நேரம் முதுகு சாய்க்கிற இடத்தைத்தான். மிச்ச நேரத்துக்கான இடத்தை அவர்கள் பேக்கரியில் டீ விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

ராமநாதபுரம் பையன் ஒரு நோட்டில் கணக்கு எழுதுகிறவன். அப்பாவுக்கு மாதாமாதம் காட்ட வேண்டுமாம். அவன் அனுமதியோடு 2024 அக்டோபர் கணக்கைச் சொல்கிறேன். பேக்கரி, காளான் வறுவல் கடை: 1,640. சினிமா இரண்டு: 520. டர்ஃபில் (மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் செயற்கைப் புல் மைதானம்) கிரிக்கெட் நாலு தடவை: 480. பைக் பெட்ரோலில் பங்கு: 350. பிறந்தநாள் பங்கு: 250. மொத்தம் 3,240 ரூபாய். தங்குவதற்கு 2,000, அறைக்கு வெளியே பொழுதைக் கழிக்க 3,240. அந்த வாசகர் இதைப் பார்த்தால் "பார்த்தீர்களா?" என்பார். அதே மாதம் என் பேத்தி கைக்காசில் செலவு செய்தது 590 ரூபாய்: ஒரு சினிமா 260, தோழி பிறந்தநாளுக்கு 150, கேன்டீன் 180.

இதை வைத்து என் பேத்தி சிக்கனக்காரி, மாடிப் பையன்கள் ஊதாரிகள் என்று சொல்லிவிடலாமா? நான் அவளிடமே கேட்டேன். "அப்புச்சி, எனக்கு எதுக்கு பேக்கரி? அம்மிச்சி காபி போட்டுத் தர்றாங்க, டிவி இருக்குது, வைஃபை இருக்குது, பிள்ளைங்க வந்தா திண்ணைல உக்காந்துக்கறோம்" என்றாள். உண்மைதான். அவள் தோழிகள் நாலு பேர் சனிக்கிழமை வந்தால் என் மனைவி பஜ்ஜி போடுவாள், அரை லிட்டர் ஆவின் பாக்கெட் கூடுதலாக வாங்குவோம். அதை யாரும் எந்த நோட்டிலும் எழுதுவதில்லை. அவள் பொழுதுபோக்குச் செலவை வீடு தாங்குகிறது, அதனால் அது செலவாகவே தெரியவில்லை. இன்னொன்று, அவளுக்குச் செலவு செய்ய நேரமும் இல்லை. இரண்டு பஸ் மாறி வீடு வரும்போது ஆறு மணியாகிவிடும்.

விடுதிப் பிள்ளையின் விஷயம் வேறு மாதிரி. மாலை ஆறரைக்கு கேட் சாத்திவிடுவார்கள். மாதம் இரண்டு ஞாயிறு மட்டும் வெளியே விடுவார்கள், அதற்கும் கையெழுத்து. உள்ளே பொது அறை ஒன்று இருக்கிறதாம், டிவியும் இருக்கிறதாம், சாவி மட்டும் வார்டனிடம். விளையாட்டு மைதானத்தில் ஆறு மணிக்கு மேல் விளக்கில்லை. இவ்வளவு கட்டுப்பாட்டில் இருப்பவளுக்குச் செலவே ஆகாது என்றுதான் என் தங்கை நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கணக்கைக் கேட்டேன். சாப்பாடு 320, சினிமா 260, கம்மல், க்ளிப், ஐஸ்கிரீம் என்று 300, திரும்பி வர ஆட்டோ 180. ஒரே நாளில் 1,060 ரூபாய்! சாதாரண டவுன் பஸ்ஸில் வந்தால் காசே இல்லை, மகளிருக்கு இலவசம். ஆனால் பஸ் ஐந்து நிமிடம் தாமதமாகி, கேட் சாத்திவிட்டால் வீட்டுக்கு போன் போகும், அடுத்த ஞாயிறு வெளியே போக முடியாது. அந்தப் பயத்துக்குக் கொடுக்கிற காசுதான் 180. பதினான்கு நாள் அடைத்துவைத்துவிட்டு ஏழு மணி நேரம் திறந்துவிட்டால், கிடைத்த நேரத்துக்குள் எல்லாவற்றையும் அனுபவித்துவிடத்தான் எந்தப் பிள்ளையும் பார்க்கும். பெண் பிள்ளைகளின் பாதுகாப்புக்காக என்கிறார்கள். எனக்கும் அந்தக் கவலை உண்டு. ஆனால் விடுதிக்கு உள்ளேயே இருக்கும் டிவி அறையைப் பூட்டுவதற்கும் பாதுகாப்புக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது சொல்ல வேண்டும்.

ரூம் எடுத்துத் தங்குவதில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. அதை நான் மிகவும் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். ஐந்து பேர் சேர்ந்து ரூம் எடுத்துத் தங்கினால், வசதியுள்ள பையன் எவ்வளவு செலவு செய்கிறானோ அதுவே எல்லாருக்கும் அளவாகிவிடுகிறது. டர்ஃப் ஒரு மணி நேரத்துக்கு ஆயிரத்துக்கு மேல். பத்துப் பேர் சேர்ந்தால்தான் கட்டுப்படியாகும். ஒருத்தன் வரவில்லையென்றால் மற்றவன் பங்கு ஏறும், அதனால் "நான் வரல" என்று சொல்ல முடியாது. விளையாடி முடித்த கையோடு ஜிபேயில் ஆளுக்கு 120 என்று செய்தி வந்துவிடும். நான்கு பேர் காளான் கடைக்குக் கிளம்பும்போது ஐந்தாமவன் இருட்டு ரூமில் தனியாக எத்தனை நாள் படுத்திருப்பான்? கள்ளக்குறிச்சித் தம்பியின் அப்பா கரும்பு வெட்டும் கூலி. தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது அவனுக்கு. அந்தத் திட்டத்தை 2024 ஆகஸ்ட் 9ல் முதலமைச்சர் நம் கோவையில்தான் தொடங்கிவைத்தார். அரசாங்கம் கொடுக்கிற பணத்தில் டீ குடித்துக்கொண்டு திரிகிறார்கள் என்று எங்கள் தெருவிலேயே பேசுகிறார்கள். அந்த ஆயிரம் நேராக என் கைக்கு வாடகையாக வருகிறது, எனக்குத் தெரியும். பங்குக் காசுக்கு அந்தப் பையன் என்ன செய்தான் தெரியுமா? மெஸ்ஸில் மூன்று வேளைக் கணக்கை இரண்டு வேளையாக மாற்றிவிட்டான். காலைச் சாப்பாடு கிடையாது. பத்தரை மணிக்குக் கல்லூரியில் ஒரு பன், ஒரு டீ. நான்கு மாதம் அப்படி இருந்திருக்கிறான். நண்பர்களுக்கே தெரியாது. மெஸ் அக்கா என் மனைவியிடம் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. இரண்டு நாள் என் மனைவி சரியாகச் சாப்பிடவில்லை.

அவன் அண்ணன் அரசு நல விடுதியில் தங்கிப் படித்தவன். அங்கே கல்லூரி மாணவருக்கு மாத உணவுப்படி 1,500 ரூபாய்தான், சாப்பாடு சுமார்தான் என்கிறான். ஆனால் அங்கே எல்லாரும் ஒரே நிலையில் இருந்ததால், கையில் காசில்லை என்று சொல்ல யாருக்கும் கூச்சமில்லை. வராந்தா நீளமாக இருந்தது, சாயங்காலம் முழுக்க விடுதியிலேயே கைப்பந்தும் அரட்டையும்தான். அண்ணனுக்குப் பொழுதுபோக்குக்கென்று மாதம் 200 ரூபாய்கூட ஆகவில்லையாம். ஒரே அப்பா அம்மா வளர்த்த இரண்டு பிள்ளைகள். தம்பி மட்டும் எப்படி ஊதாரியாகிவிட முடியும்?

என் காலத்தையும் சொல்கிறேன். பத்தொன்பது வயதில் மில்லில் சேர்ந்தபோது நான்கு பேரோடு லைன் வீட்டில் தங்கியிருந்தேன். இந்தப் பையன்கள் அறையைவிடச் சின்னது. ஆனால் ஷிஃப்ட் முடிந்தால் தெருமுனையில் படிப்பகம் இருந்தது. நாளிதழ்கள், ஒரு ரேடியோ, ஒரு கேரம் போர்டு. மூத்த தொழிலாளிகள் உட்கார்ந்து பேசுவார்கள். உள்ளே வர யாரும் காசு கேட்கவில்லை, எப்போது கிளம்புவீர்கள் என்றும் கேட்கவில்லை. சினிமாவுக்கு மாதம் ஒரு தடவை போனால் அதிகம். நாங்கள் ஒழுக்கமானவர்கள் என்று இத்தனை நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால், எங்களுக்கு உட்கார ஓர் இடம் இருந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் படிப்பகம் இருந்த இடத்தில் இன்று மொபைல் கடை.

2025 பொங்கல் முடிந்து பையன்கள் ஊரிலிருந்து வந்த அன்று மொட்டை மாடிச் சாவியை அவர்கள் கையில் கொடுத்தேன். ஒரு ட்யூப் லைட் போட்டேன். மில் கேன்டீன் சாமான்கள் ஏலத்தில் எப்போதோ எடுத்த பெஞ்ச் ஒன்று கிடந்தது, அதை ஏற்றிவைத்தோம். தகரக் கூரை ஒரு பக்கம் மட்டும், மழைக்கு ஒதுங்க. பையன்கள் ஆளுக்கு 400 போட்டு 2,000 ரூபாயில் கேரம் போர்டு வாங்கினார்கள். பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது, என் மனைவி வடகம் போடும் நாளில் கிழக்குப் பக்கம் போகக் கூடாது. இரண்டே நிபந்தனைதான். பழைய தாளைக் கிழித்துவிட்டேன்.

பிப்ரவரிக் கணக்கு நோட்டில் இப்படி இருக்கிறது. பேக்கரி, காளான் 610. சினிமா ஒன்று, 260. டர்ஃப் அதே 480. பெட்ரோல் 350. பிறந்தநாள் 200. மொத்தம் 1,900. முன்னைவிட 1,340 குறைவு. நான் அவர்களுக்கு ஒரு வார்த்தை புத்தி சொல்லவில்லை. டர்ஃப் குறையவில்லை என்பதில் எனக்குச் சந்தோஷம்தான், ஓடியாடுகிற வயது. கள்ளக்குறிச்சித் தம்பி மார்ச்சிலிருந்து காலையிலும் மெஸ்ஸுக்குப் போகிறான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஐவரில் ஒருவனுக்கு எந்த மாற்றமும் இல்லை. வால்பாறை, ஊட்டி என்று வாராவாரம் பைக்கில் போகிறான், அது அவன் சுபாவம், அவன் வீட்டில் அதற்கு வசதியும் இருக்கிறது. கேரம் காய் அடிக்கும் சத்தத்துக்கு எதிர் வீட்டுக்காரர் இரண்டு தடவை வந்துவிட்டார். எனக்கும் அவருக்கும் கொஞ்சம் மனஸ்தாபம். மாடி விளக்கின் கரண்ட் என் மீட்டரில் ஓடுகிறது. இவ்வளவும் இருந்தும் சாவியைத் திரும்ப வாங்க எனக்கு மனமில்லை.

ரூம் விடுகிறவன் என்ற முறையில் அரசாங்கத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2024 ஜூனில் ஜிஎஸ்டி கவுன்சில், கல்லூரிக்கு வெளியே உள்ள தங்கும் விடுதிகளுக்கு ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய் வரை வரிவிலக்கு கொடுத்தது, குறைந்தது 90 நாள் தொடர்ந்து தங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. நல்ல முடிவு, பெற்றவர்களுக்குப் பாரம் குறைந்தது. அந்தச் சலுகையை வாங்குகிற விடுதிக்காரர்களிடம், படுக்கைகளை எண்ணுவதோடு பிள்ளைகள் உட்கார ஒரு பொது அறை இருக்கிறதா என்றும் கேட்டால் என்ன? பல கல்லூரிகள் கோடிக் கணக்கில் செலவழித்து நூலகமும் மைதானமும் கட்டுகின்றன. சாயங்காலம் ஆறு மணிக்கு, பிள்ளைகளுக்கு அவை மிகவும் தேவைப்படும் நேரத்தில், பூட்டிவிடுகின்றன. ஒன்பது மணிவரை ஒரு காவலாளியும் நாலு விளக்கும் போதாதா? காந்திபுரம் பக்கம் பெரியார் பெயரில் பெரிய நூலகத்துக்கு 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். ரூமில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளை மனதில் வைத்து அதன் நேரத்தை முடிவு செய்ய வேண்டும். ரேஸ்கோர்ஸ் நடைபாதையைப் பாருங்கள், சாயங்காலமானால் எத்தனை மாணவர்கள் காசில்லாமல் நடந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள்! அதுபோல ஒன்று எங்கள் பீளமேட்டில் நடந்துபோகும் தூரத்தில் இல்லை. இருக்கிற சின்னப் பூங்காவிலும் எட்டு மணிக்கு விசில் ஊதி வெளியே அனுப்புகிறார்கள்.

ஜூனில் புதுப் பிள்ளைகள் வருவார்கள். என்னைப்போல் மாடி விடுகிறவர்கள் ஒரு தடவை மேலே ஏறி, ஆட்கள் இருக்கும்போது அந்த அறையைப் பாருங்கள் என்று உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். பெற்றவர்களும் பிள்ளைக்கு ரூம் பார்க்க வரும்போது கட்டில் எத்தனை, தண்ணீர் வருமா என்று கேட்பதோடு, சாயங்காலம் ஆறிலிருந்து பத்துவரை என் பிள்ளை எங்கே உட்காருவான் என்றும் கேளுங்கள். இத்தனை வருடத்தில் என்னிடம் ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை.

எங்கள் பகுதிப் பூங்காவைப் பத்து மணிவரை திறந்துவைக்கச் சொல்லி மாநகராட்சிக்கு மனு கொடுத்திருக்கிறேன். மாடிப் பையன்கள் ஐந்து பேரும், என் பேத்தியும், மெஸ் அக்காவும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். எதிர் வீட்டுக்காரரும் போட்டார், பையன்கள் அங்கே போய்விட்டால் அவருக்குச் சத்தம் இருக்காது என்று. பதில் வந்தால் உங்களுக்கு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மில் தொழிலாளி,
பீளமேடு, கோயம்புத்தூர்.